பதிவு செய்த கைப்பேசி எண்

செப்டம்பர் 14, சனி

பொன்மலரைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் பாளையங்கோட்டை திரும்பினேன். பெனிட்டாவுக்கு அக்டோபர் முதல் வாரம் பேறுகாலம். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊர். அங்கே மகளுக்குத் துணையாக இருந்துவிட்டு, டிசம்பர் 16 அன்று இவள் திரும்ப வேண்டும். டிக்கெட் அப்படித்தான் எடுத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து போட ஒரு வாரம் மிச்சம் இருக்கும்.

உள்ளே போகுமுன் அவளுடைய வங்கிக் கார்டை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கச் சொல்லி பெனிட்டா பலமுறை போனில் சொல்லியிருந்தாள். பொன்மலர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய ஓய்வூதியம் விழும் கணக்கின் கார்டு, பாதுகாப்பை முன்னிட்டு என் பர்ஸில் இருந்து வந்தது. பின் நம்பர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவந்தது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நான் பிறந்த வருடம்தான்.

பார்த்துவிட்டு, "இதுதானா" என்றாள்.

எளிதில் நினைவில் நிற்கும் எண் என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 18, புதன்

கார்டு அங்கே வேலை செய்யவில்லை. மருந்துக்கடையில் நீட்டி, மறுக்கப்பட்டு, பெனிட்டா கணவர் கொடுக்க வேண்டியதாயிற்றாம். வங்கிக்குப் போனேன். உதவி மேலாளர் சின்னப் பெண். சுகந்தி என்று மேசையில் பெயர்ப்பலகை.

"கார்டு யாரோடது சார்?"

"என் மனைவியோடது."

"வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப்ல இருக்கு. அவங்கதான் ஆன் பண்ணணும்."

"இந்தக் கணக்க இத்தன வருசமும் நான்தாம்மா பாத்துக்கிடுதேன். ஏடிஎம்முக்குப் போறது, எடுக்கது எல்லாம் நான்தான்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அத இங்க சத்தமா சொல்லாதீங்க சார். இன்னொருத்தர் கார்டை எடுத்துப் பயன்படுத்துறது விதிப்படி தப்பு."

"இன்னொருத்தர் இல்லம்மா. மனைவி."

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு கட்டம் இல்ல சார்."

கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டம் இல்லாததால் மனிதர்களைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கும் உண்டு. ஆகவே வாதாடவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

இணையத்தில் கணக்கைத் திறந்துவிட்டோம். கார்டு அவளிடம், ஓடிபி வருவது என் கைப்பேசிக்கு. கணக்குத் தொடங்கிய காலத்தில் அவளிடம் போன் இல்லை. என் எண்ணைப் பதிவு செய்தோம். பிற்பாடு அவளுக்குப் போன் வந்தபோது எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை. அவள் கார்டின் எண்களை வாசிக்க, பெனிட்டா அங்கே தட்ட, ஓடிபி இங்கே வர, அதை நான் அவளுக்குச் சொல்ல, பெனிட்டா மறுபடி தட்ட, ஒருவழியாகக் கதவு திறந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்தால்தான் வங்கிக்கு ஒரு முழு வாடிக்கையாளர். திருமண ஆராதனையில் போதகர் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உள்ளே மூன்று பொத்தான்கள் இருக்கின்றனவாம்: உள்நாடு, இணையம், வெளிநாடு. ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கலாம், மூடலாம். வெளிநாட்டைத் திறந்தார்கள்.

"நானே அமுக்கட்டா?" என்று பொன்மலர் பெனிட்டாவிடம் கேட்டது போனில் என் காதில் விழுந்தது.

அக்டோபர் 5, சனி

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பெயர் இன்னும் வைக்கவில்லை.

பெனிட்டா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானமே மருத்துவமனைச் சிற்றுண்டிக் கடையில் கார்டு தேய்த்த குறுஞ்செய்தி வந்தது. பின்னாலேயே பூக்கடையில் தேய்த்தது. பூ வாங்கினால் நல்ல செய்திதான்.

அக்டோபர் 15, செவ்வாய்

தினமும் இரண்டு மூன்று செய்திகள் வருகின்றன. தொகை, கடையின் பெயர், நேரம். பேருந்து, காய்கறிக் கடை, மருந்துக்கடை, நூல்கண்டுக் கடை. போனில் அவள் பேசுவது குழந்தை பால் குடித்ததைப் பற்றி மட்டும். மற்றதெல்லாம் வங்கி சொல்கிறது. நூல்கண்டுக் கடைக்கு மூன்று முறை போயிருக்கிறாள். பின்னுகிறாள் போலிருக்கிறது. அவளுக்குப் பின்னத் தெரியும் என்பதை மறந்திருந்தேன்.

காலை நடையில் மோசஸ் கண்டுபிடித்துவிட்டார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். பிறர் கைப்பேசியைப் பார்க்க எட்டிப் பார்க்கவே வேண்டாத உயரம்.

"என்னவே நாயகம், நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கேரு? வீட்டம்மா லெட்டர் போட்டிருக்காகளா?"

"பேங்க் மெசேஜ்."

"பேங்க் மெசேஜப் பாத்து இந்தச் சிரிப்பு சிரிக்க ஆள இப்பதாம்வே பாக்கேன்."

நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 23, புதன்

ஒரு காபிக் கடையின் பெயர் இந்த வாரம் நான்காவது முறை வந்திருக்கிறது. வெளியே காபி குடிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

"நேத்து பதினோரு மணிக்கு என்ன காபி? வீட்ல இல்லையா?"



"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெசேஜ் வருதுல்லா."

"எல்லாமே வருதா?"

"எல்லாமே வரும். அதுக்குத்தான நம்பரு."

"நூல் வாங்குன எடத்துல சிநேகமானவங்க. அவங்களும் நர்சா இருந்தவங்க. சும்மா ஒக்காந்து பேசுவோம்," என்றாள். பிறகு, "இனி சொல்லிட்டுக் குடிக்கேன்," என்றாள்.

சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

ஒரே ஒரு செய்தி. ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்திருக்கிறாள். பெரிய தொகை.

அக்டோபர் 31, வியாழன்

இந்த வாரம் முழுக்கச் செய்தி இல்லை. எல்லாம் ரொக்கத்தில் நடக்கிறது. வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள். கார்டைத் தேய்ப்பதே சிக்கனம் என்று போனில் எடுத்துச் சொன்னேன்.

"சரிங்க," என்றாள்.

தலைப்பை மட்டும் அச்சடித்து, கீழே வெள்ளையாக விட்ட செய்தித்தாளைப் போல இருக்கிறது கைப்பேசி.

நவம்பர் 12, செவ்வாய்

பகல் மூன்றரை மணிக்கு ஓடிபி ஒன்று வந்தது. இணையத்தில் துணிக்கடை. உடனே அழைத்தாள்.

"ஏங்க, நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"என்னது இது?"

"கோட்டு. இங்க குளிரு தாங்கல."

"அடுத்த மாசம் வரப்போறவளுக்குக் கோட்டு எதுக்கு? இங்க வந்து எந்தக் குளிர்ல போடப்போற? பெனிட்டாட்ட பழசு ஒண்ணு இருக்கும்லா?"

"அது எனக்குப் பத்தாது. சொல்லுங்க, நேரமாவுது."

அந்தச் சமயத்தில் கண்ணாடி கைவசம் இல்லை. தேடி எடுத்து வருவதற்குள் ஓடிபிக்கான பத்து நிமிடம் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை அனுப்பினாள். அப்போது வாசலில் யாரோ அழைத்தது போலிருந்தது. போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. மூன்றாவது முறை அவள் அனுப்பவில்லை.

ஓடிபியை யாருடனும் பகிர வேண்டாம் என்று வங்கி ஒவ்வொரு செய்தியிலும் எச்சரிக்கிறது. அதையும் யோசிக்க வேண்டும்.

நவம்பர் 20, புதன்

பொன்மலருக்குக் காய்ச்சல், நெஞ்சுச் சளி. பெனிட்டா பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கோட்டு நான் வாங்கித் தந்திருக்கேன். முதல்லயே தரேன்னு சொன்னேன், அம்மாதான் கேக்கல. என் காசுல வாங்கிக்கணும்னு நின்னாங்க. என் காசு, என் காசுன்னு ஒரு நாள் முழுக்கச் சொல்லிட்டே இருந்தாங்க."

"கண்ணாடி கெடைக்கலம்மா அன்னைக்கு."

"சரிப்பா."

இவளும் அம்மாவைப் போலவே 'சரி' சொல்லப் பழகிவிட்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எனக்கு இரண்டு வேலைகள் வாய்த்தன. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஓடிபி: பின் நம்பரை மாற்றுவதற்கு. சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்று: கடவுச்சொல்லை மாற்றுவதற்கு. அதையும் சொன்னேன். இந்த முறை கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

"புது பின் என்ன?" என்று கேட்டதற்கு, "பின் நம்பர யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குங்க," என்றாள்.

சரியான பதில்தான். பாதுகாப்பில் அவளுக்கு அக்கறை வந்திருப்பது மகிழ்ச்சி.

டிசம்பர் 9, திங்கள்

டிக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். விசா மார்ச் வரை இருக்கிறதாம். பெனிட்டா வேலைக்குத் திரும்பும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே," என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவிய? அடுத்த மாசம் பாக்கலாம்பிய."

"அது என்ன பேச்சு?"

"ஜெபசிங் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் எங்காசத்தான் கேட்டேன். அப்பவும் அதத்தான் சொன்னிய."

ஜெபசிங் அவளுடைய தம்பி. பழைய கோப்பு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். தரமாட்டேன் என்று எங்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரை அவன் இருக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மின்கட்டணம் கட்டப் போனால் கார்டு மறுக்கப்பட்டது. இணையதளத்தில் அவள் கார்டைச் சேமித்து வைத்திருக்கிறேன். மின்சாரம், கைப்பேசி, புத்தகங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான். என் ஓய்வூதியம் அப்படியே வைப்புநிதிக்குப் போய்விடும், இருவரின் எதிர்காலத்துக்காக. மூன்று முறை முயன்றேன். தொழில்நுட்பக் கோளாறாக இருக்கும் என்று வங்கிக்குப் போனேன்.

சுகந்தி திரையைப் பார்த்தாள். "கோளாறு இல்ல சார். உள்நாட்டுப் பயன்பாட்ட ஆஃப் பண்ணியிருக்காங்க. வெளிநாடு மட்டும் ஆன்ல இருக்கு."

"தவறுதலா அமுக்கியிருப்பா. புதுசுல்லா."

"தவறுதலா அமுக்க முடியாது சார். ஆஃப் பண்ணவான்னு ரெண்டு தடவ கேக்கும்."

என் கணக்கிலிருந்து கட்டினேன். மின்கட்டணம் இவ்வளவு ஏறியிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

டிசம்பர் 25, புதன்

விடியற்கால ஆராதனைக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் காலியாகத்தான் இருக்கும் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

மோசஸ் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது. வீடியோவில் பேத்தியைக் காட்டினார்கள். ஊதா நிறத்தில் கம்பளித் தொப்பி. பொன்மலர் கோட்டு போட்டிருந்தாள். அவளுக்கு அது நன்றாக இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன், தொடர்பு அறுந்துவிட்டது.

ஜனவரி 8, புதன்

செய்தி எதுவும் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

ஓடிபி. விமான நிறுவனம்.

கண்ணாடி போடாமலே வாசித்துவிட்டேன். அவள் அழைப்பதற்கு முன் நானே அழைத்தேன். எண்களை இரண்டு முறை சொன்னேன், பெனிட்டா போதும்ப்பா என்று சொல்லும் வரை.

"என்னைக்கு?" என்றேன்.

"மார்ச் அஞ்சு. விசா முடியறதுக்குள்ள," என்றாள் பொன்மலர்.

"திருவனந்தபுரத்துக்கு வண்டி பேசிருதேன்."

"அதெல்லாம் வேண்டாங்க. மெட்ராஸ் வந்து தூத்துக்குடி."

தூத்துக்குடி இங்கிருந்து இன்னும் பக்கம். யோசித்துத்தான் எடுத்திருக்கிறாள்.

ஜனவரி 30, வியாழன்

சமையலறைக்கு வெள்ளையடித்தேன். ஒழுகும் குழாயை மாற்றியாயிற்று. பல வருடங்களாக அவள் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய மிக்ஸியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். என் கார்டில்தான்.

மோசஸ் வந்து பார்த்தார். "வே, இது கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு. மறுபடியும் கட்டிக்கப் போறீராக்கும்?"

"குழாய் ஒழுகிட்டுக் கெடந்துச்சு."

"அது எனக்குத் தெரியும்வே. உம்ம வீட்டுக்கு நான் வர ஆரம்பிச்ச காலத்துலேருந்து ஒழுகுது."

பிப்ரவரி 4, செவ்வாய்

பெனிட்டா தனியாக அழைத்தாள். குழந்தை தூங்கும் அறையிலிருந்து பேசுவதால் மெதுவாகப் பேசுவதாகச் சொன்னாள்.

"அப்பா, தூத்துக்குடிக்குப் பெரியம்மா வந்து அம்மாவ கூட்டிட்டுப் போயிருவாங்க."

பெரியம்மா என்றால் தங்கம் அக்கா, பொன்மலரின் மூத்த சகோதரி. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் தனியாக இருக்கிறார்.

"ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். அக்கா தங்கச்சி பேச நெறைய இருக்கும்."

"ரெண்டு நாள் இல்லப்பா. அம்மா அங்கதான் இருக்கப் போறாங்க. பெரியம்மா வீட்டு மாடிய ஒழுங்கு பண்ணிட்டாங்க."

"எதுக்கு?"

"நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு நான் அம்மாகிட்ட கேட்டேன். அவருக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"நாசரேத் பக்கந்தான்," என்றேன்.

"பக்கந்தாம்ப்பா."

"போகவர ஒண்ணரை மணி நேரம்."

"அப்பா, அம்மா கூப்பிட்டா மட்டும் போங்க."

குழந்தை அழுதது. வைத்துவிட்டாள். வெள்ளையடித்த வாடை வீட்டில் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கலெக்டர் அலுவலகத்தில் ஒரு வட்டாட்சியர், படிக்காமல் கையெழுத்திட்டுப் பழகியவர், தன்னுடைய பணிமாறுதல் உத்தரவிலும் அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டதைப் பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நான் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அதைக் குறித்து வைக்கிறேன்.

மதியம் பொன்மலர் அழைத்தாள். பேத்தி குப்புற விழுந்துவிட்டாளாம்; அதை முதலில் சொன்னாள். பிறகு, "ஏங்க, ஒரு நம்பர் வரும்," என்றாள்.

வந்தது. கணக்கில் பதிவு செய்த கைப்பேசி எண்ணை மாற்றுவதற்கான ஓடிபி. புது எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் போட்டிருந்தார்கள். அவளுடைய எண்.

"வந்துச்சா?"

"வந்துட்டு."

"சொல்லுங்க."

"இது எதுக்கு மலரு? ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்லுதேன்லா?"

"ஆமா. சொல்லுதிய." கொஞ்சம் பொறுத்து, "அதுக்குத்தான்," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஊசி போடுமுன் நோயாளியிடம் பேசுவாளே, அந்தக் குரல்.

"அக்கா வீட்ல மாடி ஏறுவியா? ஒனக்கு முழங்கால் வலி."

"ஏறிருவேன்."

"குழாய மாத்திட்டேன் இங்க."

"பெனிட்டா சொன்னா."

"கிச்சனுக்கு வெள்ளையடிச்சிருக்கு."

"நேரம் போவுதுங்க," என்றாள். "நீங்க சொல்லலன்னா நான் ஊருக்கு வந்து பேங்குக்கே போய் மாத்திக்கிடுவேன். சுகந்தின்னு ஒரு பொண்ணு இருக்காம்லா, பெனிட்டா பேசிட்டா. ஆனா நீங்களா சொன்னா நல்லதுன்னு தோணுச்சு."

யாருக்கு நல்லது என்று கேட்கவில்லை. கண்ணாடி முகத்தில் இருந்தது. வாசலில் யாரும் அழைக்கவில்லை. பத்து நிமிடத்தில் எவ்வளவு போயிருந்தது என்று தெரியாது. திரையில் எண்கள் அப்படியே நின்றன.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். கடைசி எண்ணை அவள் திருப்பிச் சொன்னபின் நான் இன்னொரு முறை சொன்னேன்; தேவையிருக்கவில்லை.

"மாறிட்டு," என்றாள். அங்கே பெனிட்டா ஏதோ சொல்வது கேட்டது. இருவருமே உடனே போனை வைக்கவில்லை.

"சாப்டியளா?"

"சாப்ட்டேன்."

சாப்பிட்டிருக்கவில்லை. அவள் வைத்தபின் சோறு வடித்தேன்.

தட்டில் போட்டு உட்காரும்போது வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய எண்ணுக்கு இதுதான் கடைசிச் செய்தி. உங்கள் கணக்கின் கைப்பேசி எண் மாற்றப்பட்டுவிட்டது. இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும் என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன். செய்தது நான்தான். அழைக்கவில்லை.